வேப்பனப்பள்ளியா, வேப்பனஹள்ளியா? ஒரே ஊருக்கு ஏன் ரெண்டு பெயர்?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கர்நாடக, ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கும் ஊர் வேப்பனப்பள்ளி. ஆனால், ஆங்கிலத்தில் 54-வது சட்டமன்றத் தொகுதியின் பெயரைப் பார்த்தால் ‘வேப்பனஹள்ளி’ என்றுதான் இருக்கும். முகவரியில் ஒரு எழுத்து மாறினாலே விண்ணப்பம் திரும்பி வரும் காலம் இது. அப்போ, எது சரி?

பெயரைப் பிரிச்சுப் பார்ப்போம்

ஆங்கிலத்தில் ‘சிலபிள்’ என்பது உயிர் ஒலியை வைத்துப் பிரிப்பது. அந்தக் கணக்கில் வேப்-ப-னப்-பள்-ளி, மொத்தம் 5. தமிழ் யாப்பில் குறில் இணைந்தால் ஒரே அசை. அதனால் வேப்-பனப்-பள்-ளி, 4 அசைதான்.

பொருளை வைத்துப் பிரித்தால் இரண்டே பகுதி: வேப்பன + பள்ளி. நடுவில் வரும் ‘ப்’ சந்தி.

‘ப’ எப்படி ‘ஹ’ ஆச்சு?

பழைய கன்னடத்தில் சொல்லின் முதலில் இருந்த ‘ப’, இடைக்காலத்தில் ‘ஹ’ ஆக மாறியது. தமிழில் பால், கன்னடத்தில் ஹாலு. பல் - ஹல்லு, புலி - ஹுலி, பத்து - ஹத்து. இதே வழியில்தான் பள்ளி, ஹள்ளி ஆனது. தெலுங்கில் அது ‘பல்லெ’. மூன்றுக்கும் ஊர், குடியிருப்பு என்றுதான் பொருள்.

பக்கத்து ஒசூரும் இப்படித்தான். கன்னடத்தில் ‘ஹொச’ என்றால் புதிய. அதன் பழைய வடிவம் ‘பொச’. ஹொச + ஊரு = ஹொசூரு. அதாவது, நம்ம ஊர் ‘புதூர்’!

ஆங்கிலத்தில் உண்டா?

உண்டு. பர்மிங்ஹாம் என்பதில் கடைசி ‘ஹாம்’ பழைய ஆங்கிலத்தில் குடியிருப்பைக் குறிக்கும். ஒலிப்படி பர்-மிங்-ஹாம். பொருள்படி பிரித்தால் நடுவில் நிற்பது ‘மிங்’ இல்லை, ‘இங்’. ஒலி உடையும் இடமும் பொருள் உடையும் இடமும் எப்போதும் ஒன்றாக இருக்காது.

அப்போ எதை எழுதுவது?

மொழிப்படி ரெண்டுமே தவறில்லை. தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துகளை மாற்றும் அரசாணை 2020 ஜூனில் வெளியானது. விமர்சனம் எழுந்ததால் சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது.

எனவே பேசும்போது எப்படி வேண்டுமானாலும் சொல்லலாம். விண்ணப்பம் நிரப்பும்போது மட்டும், இணைக்கும் ஆவணத்தில் எந்த எழுத்து இருக்கிறதோ அதையே எழுதுங்கள். ஆன்லைனில் ஊரைத் தேடும்போது ஒரு பெயரில் கிடைக்கவில்லை என்றால், இன்னொரு பெயரிலும் தேடிப் பாருங்கள்.