ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி

ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி என்பது வெள்ளாடுகளையும் செம்மறியாடுகளையும் தாக்கும் ஆட்டுக்கொல்லி நோய்க்கு எதிராகப் போடப்படும் வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள தடுப்பூசி ஆகும். இந்நோய் பி.பி.ஆர். என்ற சுருக்கப் பெயராலும் அறியப்படுகிறது. இந்தியாவில் இதன் வைரஸ் முதன்முதலில் 1987ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் இனங்காணப்பட்டது.

நோயும் வைரசும்

இந்நோயின் வைரஸ் மார்பிலி வைரஸ் பேரினத்தைச் சேர்ந்தது. மனிதருக்கு வரும் தட்டம்மை, மாடுகளுக்கு வந்த வெக்கை நோய் ஆகியவற்றின் வைரஸ்களும் இதே பேரினத்தவை. ஆட்டுக்கொல்லி வைரஸ் மனிதரைத் தாக்குவதில்லை.

நோயுற்ற ஆட்டுக்குக் கடும் காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிதல், வாய்ப்புண், கழிச்சல், நுரையீரல் அழற்சி ஆகியவை உண்டாகும். ஆடுகள் நெருங்கி நிற்கும் சந்தைகளிலும் கிடைகளிலும் நோய் எளிதில் பரவும். சங்கரன்கோவில், கோவில்பட்டி போன்ற மானாவாரிப் பகுதிகளில் மழை பொய்த்த ஆண்டில் ஆடுகளே சிறு விவசாயியின் கையிருப்பு. நோய் புகுந்தால் அந்தச் சேமிப்பு சில நாட்களில் கரைந்துவிடும்.

கண்டறியப்பட்ட வரலாறு

1942ஆம் ஆண்டு மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டில் கார்கடென்னக், லலான் ஆகியோர் இந்நோயை முதலில் விவரித்தனர். இது வெக்கை நோயின் ஒரு வடிவம் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1979ஆம் ஆண்டில்தான் இதன் வைரஸ் தனி வகை என ஏற்கப்பட்டது.

இந்தியாவிலும் இதே குழப்பம் நிலவியது. ஆடுகளில் இவ்வறிகுறிகள் தோன்றினால் வெக்கை நோய் என்றே பதிவு செய்யப்பட்டது. 1987ஆம் ஆண்டு விழுப்புரம் பகுதியிலுள்ள அரசூரில் செம்மறியாடுகள் நோயுற்றன. எம். எஸ். ஷைலா, வி. புருஷோத்தமன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அங்கு கிடைத்த வைரஸ் ஆட்டுக்கொல்லி வைரசே என 1989ஆம் ஆண்டு அறிவித்தனர்.

தனித் தடுப்பூசியின் தேவை

இரு வைரஸ்களும் நெருங்கிய உறவுடையவை. எனவே வால்டர் பிளவ்ரைட் கென்யாவில் உருவாக்கிய வெக்கை நோய்த் தடுப்பூசி ஆடுகளுக்கும் பாதுகாப்பு அளித்தது. ஆனால் ஒரு நாடு வெக்கை நோய் அற்றது என்று மெய்ப்பிக்க வேண்டுமானால், அதன் கால்நடைகளின் இரத்தத்தில் அந்நோய்க்கான எதிர்ப்பொருள் இருக்கக் கூடாது. வெக்கைத் தடுப்பூசி போட்ட ஆட்டிலும் அதே எதிர்ப்பொருள் உருவாகும். அதனால் அத்தடுப்பூசியை நிறுத்த வேண்டியதாயிற்று. ஆடுகளுக்குத் தனித் தடுப்பூசி தேவைப்பட்டது. இந்தியாவின் கடைசி வெக்கை நோய்ப் பாதிப்பு 1995ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் வட ஆற்காடு பகுதியில் பதிவானது. 2011ஆம் ஆண்டு உலகெங்கும் அந்நோய் ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது.

இந்தியத் தடுப்பூசிகள்

வைரசை ஆய்வகத்தில் வளர்க்கப்படும் வீரோ உயிரணுக்களில் மீண்டும் மீண்டும் பல தலைமுறைகள் வளர்க்கும்போது, அது அந்த உயிரணுக்களுக்குப் பழகி, ஆட்டில் நோய் உண்டாக்கும் திறனை இழக்கிறது. நோயெதிர்ப்பைத் தூண்டும் தன்மை மட்டும் எஞ்சுகிறது. இம்முறையில் இந்தியாவில் மூன்று தடுப்பூசிகள் உருவாயின.

சுங்ரி 96: முக்தேஸ்வரில் உள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. வெள்ளாட்டிலிருந்து பெறப்பட்ட வைரஸ்.

அரசூர் 87: தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கியது. செம்மறியாட்டிலிருந்து பெறப்பட்டது.

கோயம்புத்தூர் 97: அதே பல்கலைக்கழகத்தின் தயாரிப்பு. வெள்ளாட்டிலிருந்து பெறப்பட்டது.

பயன்பாடும் வரம்புகளும்

தடுப்பூசி தோலுக்கடியில் போடப்படுகிறது. ஒருமுறை போட்டால் குறைந்தது மூன்று ஆண்டுகள் பாதுகாப்பு கிடைக்கும். தாயிடமிருந்து சீம்பால் வழி பெற்ற எதிர்ப்பொருள் தடுப்பூசியின் வேலையைத் தடுக்கும் என்பதால், குட்டிகளுக்கு மூன்று மாத வயதுக்குப் பின்னரே போடப்படுகிறது. உறைநிலையில் உலர்த்தப்பட்ட மருந்தாயினும் வெப்பத்தில் வீரியம் இழக்கும். ஆகவே கிராமம் வரை குளிரில் வைத்துக் கொண்டுசெல்லவும், கரைத்தபின் விரைவில் போட்டு முடிக்கவும் வேண்டும்.

தடுப்பூசியால் உண்டான எதிர்ப்பொருளையும் நோயால் உண்டானதையும் வழக்கமான இரத்தச் சோதனை பிரித்துக் காட்டுவதில்லை. இவ்வேறுபாட்டைக் காட்டும் புதிய தடுப்பூசிகள் ஆய்வில் உள்ளன. 2030ஆம் ஆண்டுக்குள் இந்நோயை உலகிலிருந்து ஒழிப்பது ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு, உலக விலங்குநல அமைப்பு ஆகியவற்றின் இலக்காகும். அது நிறைவேறினால், வெக்கை நோய்க்கு அடுத்து ஒழிக்கப்பட்ட இரண்டாவது கால்நடை நோயாக இது அமையும்.