வான்வழித் தொலைவும் பயண நேரமும்

இரு நகரங்களுக்கு இடையேயான வான்வழித் தொலைவு என்பது, அவற்றின் வானூர்தி நிலையங்களைப் புவியின் வளைந்த பரப்பின் மீது இணைக்கும் மிகக் குறுகிய பாதையின் நீளம் ஆகும். இது பெருவட்டப் பாதை எனப்படும். தொலைவு தெரிந்தால் பயண நேரமும் தெரிந்துவிடும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் அப்படி இல்லை என்பதற்குத் தில்லி – சான் பிரான்சிஸ்கோ வழித்தடம் நல்ல சான்று.

தொலைவைக் கணக்கிடல்

சுவரில் மாட்டும் தட்டையான உலகப் படத்தில் அளவுகோல் வைத்து அளந்தால் விடை பிழையாகும். வகுப்பறையில் உள்ள உலக உருண்டையை எடுத்து, தில்லிக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பார்க்கலாம். நூல் பசிபிக்கின் குறுக்கே போகாமல், சைபீரியாவைக் கடந்து ஆர்க்டிக் பெருங்கடல் வரை ஏறி இறங்கும். இரு நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் கொண்டு கோள முக்கோணவியல் வழியாகக் கணக்கிட்டால், புவி மையத்தில் அவை தாங்கும் கோணம் ஏறத்தாழ 111.3 பாகை. பெருவட்டத்தில் ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. என்பதால், தொலைவு சுமார் 12,380 கி.மீ. வானூர்தித் துறையில் இதைக் கடல் மைலில் குறிப்பர். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ.

பறக்கும் பாதை

இந்தக் குறுகிய பாதையில் வானூர்திகள் அப்படியே பறப்பதில்லை. இடையில் இமயமும் திபெத்தும் உள்ளன. உள்ளறையின் காற்றழுத்தம் திடீரெனக் குறைந்தால், பயணிகள் மூச்சுவிட ஏதுவாக விரைவில் சுமார் 10,000 அடிக்கு இறங்க வேண்டும்; அங்கே மலைகளே அதைவிட உயரம். வான்வெளி அனுமதிகளும் பாதையை வளைக்கும்.

ஏர் இந்தியா நிறுவனம் இத்தடத்தில் முதலில் ஐரோப்பா, அட்லாண்டிக் வழியாகப் பறந்தது. தொலைவு சுமார் 13,900 கி.மீ. 2016 அக்டோபரில் பசிபிக் வழிக்கு மாறியது. அது சுமார் 15,300 கி.மீ.; அதாவது 1,400 கி.மீ. கூடுதல். ஆனால் பயண நேரமோ ஏறக்குறைய இரண்டு மணி நேரம் குறைந்து, 14½ மணி ஆயிற்று.

காரணம் காற்று. நடு அட்சரேகைகளில் 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் வீசுகிறது. நீரோட்டத்தோடு செல்லும் பரிசலைப் போல, பசிபிக் வழியில் கிழக்கே போகும் வானூர்திக்கு இது கைகொடுக்கிறது. 15,300 கி.மீ.யை 14½ மணியால் வகுத்தால், தரைசார் சராசரி வேகம் மணிக்கு ஏறத்தாழ 1,055 கி.மீ. காற்றின் உதவியின்றி இவ்வகை வானூர்திகளின் வேகம் 900 கி.மீ. அளவில்தான் இருக்கும். திரும்பும்போது அதே வழியில் வந்தால் அதே காற்று எதிர்க்காற்றாகிவிடும். புவி சுழல்வதால்தான் ஒரு திசையில் நேரம் குறைகிறது என்று மாணவர் சிலர் எழுதுவதுண்டு. வளிமண்டலமும் புவியோடு சேர்ந்தே சுழல்வதால் அது சரியான விடை அன்று.

பயணச்சீட்டில் உள்ள நேரம்

பயணச்சீட்டில் புறப்பாடும் வருகையும் அந்தந்த ஊர் நேரப்படி அச்சிடப்படும். இந்திய நேரம் ஒருங்கிணைந்த உலக நேரத்தைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது. சான் பிரான்சிஸ்கோ கோடையில் 7 மணி, குளிர்காலத்தில் 8 மணி பிந்தியது. கோடையில் தில்லியில் ஞாயிறு அதிகாலை 4.00 மணிக்குப் புறப்பட்டு 14½ மணி நேரம் பறந்தால், இந்தியாவில் மாலை 6.30. அதிலிருந்து 12½ மணி கழித்தால், அங்கே அதே ஞாயிறு காலை 6.00. சீட்டைப் பார்ப்பவருக்கு இரண்டு மணி நேரப் பயணம் போலத் தோன்றும்! வழியில் பன்னாட்டு நாள்கோட்டைக் கடப்பதால், ஞாயிறன்று ஏறியவர் சிறிது நேரம் சனிக்கிழமைக்குத் திரும்பி, மறுபடி ஞாயிற்றுக்குள் நுழைகிறார்.

அட்டவணையில் தரப்படும் நேரம் வானில் பறக்கும் நேரம் மட்டுமன்று. வானூர்தி நிறுத்துமிடத்தை விட்டு நகர்ந்தது முதல், சேருமிடத்தில் வந்து நிற்கும் வரை கணக்கில் சேரும்.