வால்வு போட்ட கணிப்பொறி

முன்பு டீக்கடைகளில் வால்வு ரேடியோ இருக்கும். பெரிய மரப்பெட்டி அது. குமிழைத் திருகியதும் பாட்டு வராது. உள்ளே வால்வு சூடேற வேண்டும். அதுவரை காத்திருக்க வேண்டும்.

வால்வு என்பது ஒரு கண்ணாடிக் குழாய். பல்பு போல இருக்கும். மின்சாரத்தை விடும், நிறுத்தும். நாம் சுவிட்சைப் போட்டு அணைப்பது போலத்தான். ஆனால் கையால் அல்ல. ஒரு விநாடியில் பல்லாயிரம் முறை! இந்த வேகத்தை வைத்துக் கணக்குப் போட முடியும் என்று கண்டுபிடித்தார்கள். அப்படிப் பிறந்ததே முதல் தலைமுறைக் கணிப்பொறி.

நம் நாட்டிலும் ஒன்று செய்தார்கள். பம்பாயில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில். அந்த ஊர் இப்போது மும்பை. சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் குழுவுக்குத் தலைவர். மற்றவர்கள் அநேகமாக எல்லோரும் அதற்குமுன் கணிப்பொறியைத் தொட்டதே இல்லை. 1955-ல் வேலை தொடங்கியது. 1960-ல் இயந்திரம் முழுமையாக ஓடியது. 1962-ல் அதற்கு டிஃப்ராக் என்று பெயர் வைத்தார்கள்.

அதன் நீளம் 18 அடி. உயரம் 8 அடி. ரேடியோவில் நாலைந்து வால்வு இருக்கும். இதில் 2,700!

அங்கேதான் தொல்லை. இத்தனை வால்வும் சூடேறினால் அறை என்னவாகும்? குளிர்சாதனம் வேண்டும். மின்சாரமும் நிறையச் செலவாகும். பல்பு போல வால்வும் ஒருநாள் கெட்டுப் போகும். இயந்திரம் நின்றுவிட்டால் நல்லது. நிற்காமல் தப்பான விடை தந்தால்? விடையைச் சரிபார்க்க வேண்டும். கெட்டது எது என்று தேட வேண்டும்.

இன்னொரு குறையும் உண்டு. 1947-ல் அமெரிக்காவில் டிரான்சிஸ்டர் கண்டுபிடித்தார்கள். சின்னஞ்சிறு பொருள் அது. வால்வின் வேலையைச் செய்யும். அவ்வளவாகச் சூடாகாது. டிஃப்ராக் ஓடத் தொடங்கியபோது வெளிநாடுகளில் டிரான்சிஸ்டர் கணிப்பொறி வந்துவிட்டது. புது இயந்திரம் பிறக்கும்போதே பழசாகிவிட்டது.

பட்ட பாடு வீணா? கல்கத்தாவில் அதற்கு முன்பே ஒரு கணிப்பொறி இருந்தது. அது இங்கிலாந்தில் வாங்கியது. டிஃப்ராக்கை நம்மவர்களே வடிவமைத்தார்கள். பழுதானால் அவர்களே பிரித்துப் பார்த்தார்கள். விஞ்ஞானிகள் நீண்ட கணக்குகளை அதில் போட்டார்கள்.

1960-களின் நடுவில் டிஃப்ராக் ஓய்வு பெற்றது. அதே 1960-களில் கல்கத்தாவில் டிரான்சிஸ்டர் போட்ட கணிப்பொறியையும் நம்மவர்கள் செய்தார்கள்.