கேபிள் செருகியதை கம்ப்யூட்டருக்கு யார் சொல்வது?

எச்.டி.எம்.ஐ. கேபிளைச் செருகியதும், லேப்டாப் படம் டி.வி.யில் வந்துவிடுகிறதே, எப்படி?

கேபிள் நுனியில் 19 பின்கள். 18-வது பின் வழியே லேப்டாப் 5 வோல்ட் அனுப்பும், டி.வி. அதை 19-வது பின்னில் திருப்பி அனுப்பும். ‘வந்துட்டேன்’ என்று கதவைத் தட்டுவது மாதிரி!

பின் லூசானால் வம்பு. நொடிக்குப் பலமுறை தட்டல். ஒவ்வொன்றுக்கும் எழுந்து ஓடியே கம்ப்யூட்டர் திணறிவிடும்.

லினக்ஸில், இன்டெல் கிராபிக்ஸ் டிரைவரை எழுதுபவர்கள் 2013-ல் இதற்கு வழி கண்டார்கள். தட்டல் அளவு மீறினால் டிரைவர் அதைக் காதிலேயே வாங்காது (அடம்பிடிக்கும் பிள்ளையிடம் அம்மாக்கள் செய்வதுதான்!). பதிலாக, 10 நொடிக்கொரு முறை தானே எட்டிப்பார்க்கும். 2 நிமிடம் கழித்து மறுபடி காதுகொடுக்கும்.

அந்த இடைவெளியில் டி.வி.யை மாட்டினால், படம் வரச் சில நொடிகள் பிடிக்கும். கம்ப்யூட்டர் முடங்குவதற்கு அது எவ்வளவோ மேல்.