ஒளியை வைத்து அளக்கும் சிறு நிறுவனங்களுக்கு அரசாங்கம் ஏன் பணம் தர வேண்டும்?

உங்கள் வீட்டு அலமாரியில் ஓர் ஆக்சிமீட்டர் கிடக்கிறதா என்று தேடிப் பாருங்கள். 2021-ஆம் ஆண்டு தெமாசெக் அறநிறுவனம் சிங்கப்பூரில் வீட்டுக்கு ஒன்று என இலவசமாகக் கொடுத்ததே, அதுதான். விரலில் மாட்டினால் இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று எண் காட்டும். உள்ளே ஊசியோ இரசாயனமோ இல்லை. சிவப்பு ஒளி ஒன்று, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி ஒன்று, இரண்டும் விரலைக் கடந்து மறுபக்கம் எவ்வளவு வருகின்றன என்று பார்க்கும் ஒரு சிறு துண்டு. ஆக்சிஜன் ஏறிய இரத்தமும் ஏறாத இரத்தமும் இந்த இரண்டு ஒளியையும் வெவ்வேறு அளவில் விழுங்குகின்றன. அந்த வித்தியாசத்தை நாடித்துடிப்போடு சேர்த்துக் கணக்கிடலாம் என்று 1970-களில் கண்டுபிடித்தவர் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி.

ஒளியியல் உணர்கருவி என்றால் என்ன என்பதற்கு இதைவிட எளிய உதாரணம் இல்லை. தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நெறியாளர் ஒரு கேள்வியை எழுப்பினார்: "நல்ல பொருளாக இருந்தால் சந்தையே வாங்கிக்கொள்ளும். சிறு நிறுவனங்களின் ஆராய்ச்சிக்கு மக்களின் வரிப்பணம் எதற்கு?" அங்கே இரண்டு நிமிடத்தில் சொன்னதை இங்கே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் இத்தொழிலின் இயல்பைப் பார்ப்போம். ஒரு பாலத்தின் உள்ளே கண்ணாடி இழை ஒன்றைப் பதிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இழையின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதற்குள் மிக நுண்ணிய வரிகள் பொறிக்கப்பட்டிருக்கும். ஒளியைச் செலுத்தினால் அந்த வரிகள் ஒரு குறிப்பிட்ட நிறத்தை மட்டும் திருப்பி அனுப்பும். பாலம் இம்மியளவு இழுபட்டால் வரிகளுக்கு இடையிலான தூரமும் கூடும், திரும்பி வரும் நிறமும் மாறும். சூடு ஏறினாலும் மாறும். ஆகவே எது இழுவை, எது வெப்பம் என்று பிரித்தறிய வேறு ஏற்பாடு வேண்டும். கொள்கை இவ்வளவுதான். ஆனால் ஆய்வுக்கூட மேசையில் வேலை செய்த கருவி, மழையிலும் அதிர்விலும் பத்து ஆண்டு வேலை செய்யும் என்று நிரூபிப்பதற்குள் ஒரு சிறு நிறுவனத்தின் கைப்பணம் கரைந்துவிடும்.

வங்கியிடம் போனால் அடைமானம் கேட்கும். முதலீட்டாளரிடம் போனால், "வாங்குபவர் யார், எத்தனை ஆயிரம் விற்கும்?" என்பார். விமானத்துக்கோ பாலத்துக்கோ உரிய உணர்கருவியை வாங்குபவர்கள் சிலரே. அவர்களும் இன்னொருவர் பயன்படுத்திய பிறகுதான் தொடுவார்கள். பெரிய நிறுவனமோ, சிறிய சந்தை என்று ஒதுங்கிவிடும். இந்த இடைவெளியைத்தான் மரணப் பள்ளத்தாக்கு என்று அத்துறையினர் சொல்கிறார்கள். பெயர் கொஞ்சம் மிகைதான், ஆனால் அதில் விழுந்தவர்களுக்கு மிகையாகத் தோன்றாது.

இதற்கு அமெரிக்கா கண்ட வழி கவனிக்கத் தக்கது. 1977-இல் அந்நாட்டின் தேசிய அறிவியல் அறக்கட்டளையில் பணியாற்றிய ரோலண்ட் டிபெட்ஸ் என்ற அதிகாரி ஒரு சோதனைத் திட்டம் தொடங்கினார். பணத்தை மொத்தமாகக் கொடுக்காதே, படிப்படியாகக் கொடு என்பதே அதன் சாரம். 1982 ஜூலையில் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட சட்டம் அதை நாடு முழுவதற்கும் ஆக்கியது. சிறுதொழில் புத்தாக்க ஆராய்ச்சித் திட்டம் என்று அதைத் தமிழில் சொல்லலாம்.

சட்டம் புதிதாகப் பணம் ஒதுக்கவில்லை. வெளி ஆராய்ச்சிக்கு ஆண்டுக்கு 100 மில்லியன் டாலருக்கு மேல் செலவிடும் ஒவ்வோர் அரசு அமைப்பும் அதில் ஒரு பங்கைச் சிறு நிறுவனங்களுக்கென ஒதுக்க வேண்டும் என்றது. 0.2 விழுக்காட்டில் தொடங்கிய அந்தப் பங்கு 2017-இல் 3.2 விழுக்காட்டை எட்டியது. ஊழியர் எண்ணிக்கை 500-ஐத் தாண்டக்கூடாது. அவ்வளவு பெரிய நிறுவனத்தையும் சிறியது என்கிறார்களே என்று நமக்குத் தோன்றலாம். பணம் பெற்றவற்றில் பல, விரல்விட்டு எண்ணும் ஊழியர்களைக் கொண்டவை.

முதல் கட்டத்தில் சுமார் ஆறு மாதம், சிறு தொகை. யோசனை சாத்தியமா என்று மட்டும் காட்ட வேண்டும். தேறினால் இரண்டாம் கட்டம்: ஏறத்தாழ இரண்டு ஆண்டு, மாதிரிக் கருவி செய்ய. அண்மை ஆண்டுகளில் முதல் கட்ட வரம்பு 300,000 டாலருக்குச் சற்று மேலும், இரண்டாம் கட்ட வரம்பு 2 மில்லியன் டாலருக்குச் சற்று மேலும் இருந்தன. மூன்றாம் கட்டத்தில் இத்திட்டத்தின் பணம் கிடையாது. தனியார் முதலீட்டையோ அரசுக் கொள்முதலையோ தேடிக்கொள்ள வேண்டும். இந்தப் பணத்துக்காக அரசு நிறுவனத்தில் பங்கு கேட்பதில்லை. காப்புரிமையும் நிறுவனத்திடமே இருக்கும். எனக்கு இத்திட்டத்தில் மிகவும் பிடித்தது இதுதான். கருவியைச் செய்தவன் கையைவிட்டுக் கருவி போய்விடுவதில்லை.

பலன் கிடைத்ததா? மரபணுக் கருவிகளுக்குப் பெயர் பெற்ற இலுமினா நிறுவனம் 1998-இல் தொடங்கியபோது அதன் கையில் இருந்தது, கண்ணாடி இழைக் கட்டின் நுனியில் நுண்மணிகளை அமர்த்தி ஒளியால் படிக்கும் ஓர் உத்தி. டஃப்ட்ஸ் பல்கலைக்கழக வேதியியலாளர் டேவிட் வால்ட்டின் ஆய்வகத்தில் பிறந்தது அது. அந்த இளம் நிறுவனம் இத்திட்டத்தின் பணத்தையும் பெற்றது.

மறுபக்கமும் உண்டு, அதை மறைக்கக்கூடாது. சில நிறுவனங்கள் பொருள் விற்பதை விட்டுவிட்டு மானியம் வாங்குவதையே தொழிலாக்கிக்கொண்டன. விண்ணப்பம் எழுதுவதில் அவை கைதேர்ந்தவை. அவற்றை மானிய ஆலைகள் என்று கேலி செய்பவர்கள் உண்டு. வர்ஜீனியாவில் 1990-இல் தொடங்கிய லூனா நிறுவனத்தின் வரலாறு, இந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதிலுள்ள சிரமத்தைக் காட்டும். அரசு ஆராய்ச்சி ஒப்பந்தங்களால் வளர்ந்த நிறுவனம் அது. நாசாவின் லாங்லி ஆய்வு நிலையத்தில் உருவான உத்தியைக் கொண்டு, இழையின் முழு நீளத்தையும் உணர்கருவியாக்கும் சாதனத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஒப்பந்த ஆராய்ச்சிப் பிரிவை அது விற்றது 2022-இல்தான். முப்பது ஆண்டுக்கும் மேல் அரசுப் பணத்தைச் சார்ந்திருந்தது குறையா, உண்மையான பொருள் வந்ததால் நிறையா? நான் நிறை என்பேன். கருத்தரங்கில் பக்கத்தில் அமர்ந்திருந்தவர் ஒப்புக்கொள்ளவில்லை.

ஆய்வாளர்கள் சொல்வது இன்னும் நுட்பமானது. எரிசக்தித் துறையின் மானியங்களை ஆராய்ந்த சப்ரினா ஹோவெல் 2017-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, முதல் கட்டப் பணம் பெற்ற நிறுவனத்துக்குப் பின்னர் தனியார் துணிகர முதலீடு கிடைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது. பெரிய தொகையான இரண்டாம் கட்டத்துக்கு அத்தகைய விளைவு பெரிதாக இல்லை. சிறு தொகையில் முன்மாதிரி செய்து காட்ட முடிந்ததுதான் உதவியது என்பது அவர் முடிவு. இதற்கு முன்பே, 1999-இல், ஜோஷ் லெர்னர் இன்னொன்றைக் காட்டியிருந்தார். ஒரே நிறுவனத்துக்கு மீண்டும் மீண்டும் கொடுப்பதால் கூடுதல் வளர்ச்சி வருவதில்லை.

இந்தச் சர்ச்சைதான் 2025-இல் நாடாளுமன்றத்தில் வெடித்தது. ஒரு நிறுவனம் வாழ்நாளில் பெறக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு வேண்டும் என்றது ஒரு தரப்பு. வேண்டாம் என்றது மறுதரப்பு. உடன்பாடு வராமல் செப்டம்பர் 30-ஆம் தேதி திட்டத்தின் சட்ட அனுமதி காலாவதியானது. முதல் கட்டத்தை முடித்துவிட்டு இரண்டாம் கட்டத்துக்குக் காத்திருந்த ஐந்து பேர் கொண்ட நிறுவனத்தை எண்ணிப் பாருங்கள். சம்பள நாள் உடன்பாட்டுக்காகக் காத்திருக்காது.

நம் நாடும் இந்தப் படிமுறையை அறிந்ததே. ஸ்பிரிங் சிங்கப்பூர் அமைப்பு 2008-இல் தொடங்கிய தொழில்நுட்ப நிறுவன மானியத் திட்டத்திலும் இரண்டு படிகள் இருந்தன: யோசனையை நிரூபிக்க ஒன்று, அதன் மதிப்பை நிரூபிக்க மற்றொன்று. பின்னர் வந்த ஸ்டார்ட்அப் எஸ்ஜி டெக் திட்டமும் அவ்வாறே.

இனி ஆக்சிமீட்டருக்குத் திரும்புவோம். நெறியாளரின் கேள்விக்கு என் நேரடியான பதில் அதில்தான் இருக்கிறது. 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கருவி 92 முதல் 96 விழுக்காடு வரை, அதாவது கவலைப்பட ஏதுமில்லை என்று காட்டிய நேரங்களில், உண்மையான அளவு 88-க்கும் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளில் 11.7 விழுக்காடு, வெள்ளையரில் 3.6 விழுக்காடு. தோலின் நிறமியும் ஒளியை விழுங்குகிறது என்பதை யாவரும் அறிவர். ஆனாலும் பல்லாண்டுகள் கருவிகள் விற்றுக்கொண்டேதான் இருந்தன. கறுத்த விரலுக்கும் சரியாகக் காட்டு என்று சந்தை கேட்கவில்லை. இந்தப் பக்கத்தைப் படிக்கும் நம்மில் பலரின் விரலும் வெளுத்ததல்ல.

பழைய அமெரிக்க விதி, இக்கருவியைப் பத்துப் பேரிடம் சோதித்தால் போதும் என்றது. அவர்களில் இருவர் கருநிறத்தவராக இருந்தால் சரி. 2025 ஜனவரியில் வெளியான நகல் வழிகாட்டி, பலவகைத் தோல் நிறமுள்ள 150 பேராவது வேண்டும் என்கிறது. பெரிய நிறுவனம் அந்தச் செலவைத் தாங்கும். மேம்பட்ட கருவியைக் கையில் வைத்திருக்கும் ஐந்து பேர் நிறுவனம், அந்த 150 பேரை மருத்துவமனைக்கு அழைத்துவர யாரிடம் போய்க் கேட்கும்?