மலையும் கடலும் ஒரே நாளில்

மோதி பாக்கில் வாழும் நமக்கு மலையேற்றம் என்றால் ராமகிருஷ்ணபுரத்து மலை மந்திரின் படிகளே. கடலோ, விடுமுறைக்கு ஊர் சென்றால்தான் உண்டு. இவ்விரண்டையும் ஒரே நாளில் கண்டு, கடற்கரை மணலிலேயே உறங்கி எழும் வாய்ப்பு, நவம்பர் மாதம் ஹாங்காங் சென்றிருந்தபோது எங்களுக்குக் கிட்டியது. எங்கள் மூத்த மகன் அங்கே உத்தியோகத்தில் இருக்கிறான்.

"அங்கே வானளாவிய கட்டடங்களைத் தவிர வேறென்ன இருக்கிறது?" என்று அண்டை வீட்டு அன்பர் வினவினார். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். ஆனால் அந்நகரின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு, 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே காக்கப்பட்ட மலையும் காடுமாகும். அவற்றினூடே மக்லஹோஸ் பாதை என்னும் 100 கிலோமீட்டர் நடைபாதை செல்கிறது. 1979-இல் திறக்கப்பட்ட இப்பாதைக்கு அந்நாளைய ஆளுநரின் பெயரையே இட்டிருக்கின்றனர். அதன் இரண்டாம் பகுதியில் ஒரு பாதியையே நாங்கள் நடந்தோம்.

சாய் குங் என்னும் கடற்கரை ஊரிலிருந்து பச்சை நிற டாக்சியில் கிழக்கு அணைக்கட்டுக்குச் சென்றோம். 1978-இல் முடிவுற்ற நீர்த்தேக்கத்தின் அணை அது. ஒரு தீவுக்கும் தீபகற்பத்துக்கும் இடைப்பட்ட கடலையே இருபுறமும் அடைத்து நன்னீர் நிரப்பியிருக்கிறார்கள்! அருகிலுள்ள பாறைகளோ அறுகோணத் தூண்களாக நிமிர்ந்து நிற்கின்றன. ஏறக்குறைய 14 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சாம்பல் குளிர்ந்து இறுகியபோது இவ்வாறு பிளவுற்றதாம். சிற்பி செதுக்கிய மண்டபமோ என மயங்கினேன்.

லாங் கே கடற்கரையைத் தாண்டியதும் சாய் வான் மலை எதிர்ப்பட்டது. அதன் உயரம் 314 மீட்டரே. 'இதுவும் ஒரு மலையா?' என்று நகைத்தவன் நான்தான். கடல் மட்டத்திலிருந்து தொடங்கும் ஏற்றம் என்பதையும், நிழல் அரிது என்பதையும் நினைக்கவில்லை. ஆளுக்கு இரண்டு லிட்டர் நீர் வேண்டும் என்று மகன் வற்புறுத்தியும், சுமைக்கு அஞ்சி ஒன்றே எடுத்தேன். பாதி வழியில் புட்டி வறண்டது, முழங்கால் நடுங்கியது. என் மனைவி தன் நீரை நீட்டினாள். ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த மௌனமே சுட்டது.

உச்சியை அடைந்ததும் களைப்பெல்லாம் பறந்தது. கீழே தாய் லாங் வான், அதாவது பேரலை விரிகுடா, வெண்மணல் வளைவுகளாகக் கிடந்தது. அப்பால் 468 மீட்டர் உயரமுள்ள கூர்ச்சிகரம். இறங்கி, சாய் வானில் தேநீர் அருந்தி, ஹாம் டின் ஓடையின் மேலுள்ள ஒடுங்கிய பலகைப் பாலத்தைக் கடந்து கூடாரமிட்டோம். புளியோதரையும் தயிர்ச் சாதமும் அங்கே அமுதமாயின. அன்பர்கள் கவனிக்க: அவ்விரிகுடாவின் பெயர் பொய்யன்று, உள்ளிழுக்கும் அலைகள் உண்டு, காவலர் இல்லை. நாங்கள் கணுக்கால் நனைத்ததோடு சரி.

இருட்டிய பின்னரே மகன் பேச்சைத் தொடங்கினான். அடுத்த ஆண்டு எனக்கு அறுபது நிறைகிறது. அரசுக் குடியிருப்பின் சாவியை ஒப்படைக்க வேண்டும். "அப்பா, எனக்கு இங்கே ஆறு வருஷம் முடிந்துவிட்டது. ஏழு வருஷம் நிறைந்தால் நிரந்தர வாச உரிமைக்கு மனுப் போடலாம். அது கிடைத்தால் அறுபது நிறைந்த பெற்றோரையும் அழைத்துக்கொள்ள விண்ணப்பிக்கலாம். வந்துவிடுங்களேன்" என்றான்.

நான் விடை தேடிக்கொண்டிருந்தேன். அவள் அலையோசையைக் கேட்டபடி இருந்தாள்.

"நாகப்பட்டினத்துக் கடலும் இப்படித்தான் இரைச்சலிடும்" என்றாள். "முப்பது வருஷம் தில்லியில் ஊருக்குப் போகிற நாளை எண்ணிக்கொண்டு இருந்தேன். இன்னொரு ஊரில் இருந்து மறுபடி எண்ண என்னால் ஆகாது, கண்ணா. நீ வருஷத்துக்கு ஒரு முறை வா."

அவன் மறுமொழி கூறவில்லை. எழுந்து சென்று, ஏற்கெனவே இறுக்கமாயிருந்த கூடாரக் கயிற்றை மீண்டும் இழுத்துக் கட்டினான்.

விடியலில் கதிரவன் கடலிலிருந்து நேரே எழுந்தான். திரும்பும் வழிக்கு ஆறு புட்டி நீர் வாங்கி வைத்திருந்தான் மகன். அவற்றுள் மூன்றை நான் சுமந்தேன்.