கரகரப்பு எங்கிருந்து வருது? ஓடாசிட்டி, எல்எம்எம்எஸ் பயன்படுத்துவோருக்கு



பத்து பாகாட்டில் செய்யுள் ஒப்புவிப்பையும் பேச்சுப் பயிற்சியையும் மடிக்கணினியில் பதிவு செய்பவர்களுக்கு ஓடாசிட்டி நல்ல துணை. கட்டற்ற மென்பொருள்; காசு கொடுக்க வேண்டாம். 1999இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொடங்கி, 2000இல் வெளிவந்தது. பதிவைத் திரும்பப் போட்டால் சில நேரம் ‘டிக் டிக்’ சத்தம், நடுவில் வெட்டு. உடனே மென்பொருளை அழித்து மறுபடி ஏற்றுவது பெரும்பாலும் வீண் வேலை.

முதலில் ஒன்று செய்யுங்க. அதே இடத்தை இரண்டு முறை போட்டுக் கேளுங்க. சத்தம் இரண்டு முறையும் அதே சொல்லில் வந்தால், கோளாறு பதிவுக்குள்ளேயே இருக்கிறது. இடம் மாறி மாறி வந்தால் பதிவு நல்லாத்தான் இருக்கு. கணினி அதை ஒலிக்க வைக்கும்போதுதான் தடுமாறுகிறது. இது மதிப்பெண் விஷயம். வெட்டு விழுந்து ஓர் அசை மறைந்தால், மாணவர் அந்தச் சொல்லை விழுங்கிவிட்டதாக எழுதிவிடுவோம்.

இடம் மாறும் சத்தத்துக்குக் காரணம் பஃபர். கணினி ஒலியைச் சிறுசிறு வாளிகளில் மொண்டு ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. ஒரு வாளி காலியாகும் முன் அடுத்தது வராவிட்டால் அங்கே ‘டிக்’. ஓடாசிட்டியில் எடிட், பிரெஃபரன்சஸ், ஆடியோ செட்டிங்ஸ் போனால் பஃபர் லெங்த் 100 மில்லிவினாடி என்றிருக்கும். 200 ஆக்கிப் பாருங்க. உருமி தாளம் அமைக்க எல்எம்எம்எஸ் பயன்படுத்தும் மாணவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அதில் பஃபர் வழக்கமாக 256. ஒரு வாளி 6 மில்லிவினாடிகூட நிற்காது. 1024 வைத்தால் சுமார் 23. விசையை அழுத்தியதும் ஒலி சற்றுத் தாமதமாக வரும், அவ்வளவுதான். மாற்றியபின் மென்பொருளை மூடித் திறக்கணும். இந்த வகை ‘டிக்’ ஏற்றுமதி செய்த கோப்பில் வராது. அங்கே கணினிக்கு அவசரமில்லை.

அதே இடத்தில் வரும் சத்தத்தில் இரண்டு வகை உண்டு. உரத்த இடத்தில் மட்டும் கரகரத்தால், ஒலி எல்லையைத் தாண்டி அலையின் தலை வெட்டுப்பட்டிருக்கிறது. வியூ பட்டியலில் ‘ஷோ கிளிப்பிங்’ போட்டால் சிவப்புக் கோடுகள் காட்டிக்கொடுக்கும். வெட்டுப்பட்ட தலையை முழுசா ஒட்ட வைக்க முடியாது, மறுபதிவுதான். உச்சம் −6 டெசிபலைத் தாண்டாதபடி மைக் அளவைக் குறைத்துக்கொள்ளுங்க. உருமிக்கு மைக்கைத் தள்ளியும் வைக்கணும். மெல்லிய இடத்திலும் வெட்டு விழுந்திருந்தால், பதிவின்போது கணினி திணறியிருக்கிறது. பிராஜெக்டை பென்டிரைவில் திறந்து பதியாதீங்க. கணினியிலேயே பதிந்து பிறகு நகலெடுங்க. மின்னேற்றியைச் செருகி, மற்றச் செயலிகளை மூடிவிட்டால் பாதித் தொல்லை போகும். (தகரக் கூரையில் விழும் மழைக்கு எந்த அமைப்பும் உதவாது, அன்று பதிவை விட்டுவிடலாம்.)

சுருதி மாறிக் கேட்டால் அது வேறு சங்கதி. 44,100 என்ற வீதத்தில் பதிந்ததை 48,000 என்று எண்ணி ஒலித்தால், ஒரு நிமிடப் பாடல் 55 வினாடியில் முடியும். சுருதியும் ஒன்றரை அரைச்சுரம் அளவுக்கு ஏறிவிடும். பாடிய பிள்ளையைக் குறை சொல்லும் முன் ஓடாசிட்டியின் வீதத்தையும் விண்டோஸ் ஒலி அமைப்பில் உள்ள வீதத்தையும் ஒன்றாக்கிவிட்டு மறுபடி கேளுங்க.